ரீல் வாங்கும் முன்: பட்டறைக்கு வயர் ரீலும் ஹோஸ் ரீலும்

கோவையில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் மதியம் மூன்று மணிக்கு பிவிசி கருகும் வாடை வந்தது. மோட்டார்களைத் தொட்டுப் பார்த்தோம், பேனலைத் திறந்து பார்த்தோம், ஒன்றும் இல்லை. கடைசியில் பதினான்கு இஞ்ச் கட்டிங் மெஷினுக்குப் போட்டிருந்த வயர் ரீலிலிருந்து மெல்லிய புகை கிளம்புவதைப் பார்த்தோம். அது 30 மீட்டர் ரீல். மெஷின் பக்கத்திலேயே இருந்ததால் நாலு மீட்டர் மட்டும் இழுத்திருந்தார்கள். மீதி 26 மீட்டரும் டிரம்மிலேயே இறுகக் கிடந்தது.

வெளிச்சுற்றைத் தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வயரைப் பிரித்தோம். இரண்டு அடுக்கு சுலபமாக வந்தது. மூன்றாவது அடுக்கு வரவே இல்லை. பிளேடு வைத்து அறுத்துப் பார்த்தபோது உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, எது எந்த வயர் என்று தெரியாமல் கட்டியாகியிருந்தன. லைன் கம்பியும் நியூட்ரல் கம்பியும் தொட்டுக்கொள்ள ஒரு நூலளவுதான் பாக்கி. போர்டிலிருந்த 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) கடைசி வரை ட்ரிப் ஆகவில்லை. ஆகவும் ஆகாது. மெஷின் இழுத்தது 10 ஆம்பியர்தான். எம்சிபியைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால், புதிதாகப் பட்டறை போடுகிறவர்களானாலும், ஸ்டோரில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளானாலும், ரீல் பற்றிக் கேட்டால் முதலில் நான் சொல்வது இதுதான்: நீட்டிக் கிடக்கிற வயர் ஒன்று, சுருண்டு கிடக்கிற அதே வயர் வேறொன்று. ஹோஸும் அப்படித்தான். சுருளுக்குள் நடப்பது வெளியே தெரியாது. வாங்கும்போது சுருளை மனதில் வைத்து வாங்குங்கள். பராமரிக்கும்போது சுருளைப் பிரித்துப் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டின் விவரம்தான்.

முதல் வேலை: அளவெடுப்பது

கடைக்குப் போகும் முன் ஒரு மெஷர் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு பட்டறையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எந்த இடத்தில் ரீலை மாட்டப் போகிறீர்கள், அங்கிருந்து வேலை நடக்கும் கடைசி இடம் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். நேர்கோட்டில் அளக்காதீர்கள். மெஷின்களைச் சுற்றி ஆள் நடந்து போகிற வழியில் அளக்க வேண்டும். வந்த அளவோடு இரண்டு மீட்டர் கூட்டிக்கொண்டால் போதும்.

“எதுக்கும் இருக்கட்டும்” என்று 15 மீட்டர் போதும் இடத்தில் 50 மீட்டர் வாங்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு மீட்டரும் டிரம்மில் சுருண்டு கிடக்கப் போகிறது. வயரானால் சூடு, ஏர் ஹோஸானால் பிரஷர் நஷ்டம். பெரிய ஷெட் என்றால் ஒரு 50 மீட்டர் ரீலுக்குப் பதில் மூன்று தூண்களில் மூன்று 15 மீட்டர் ரீல் மாட்டுங்கள். செலவு கொஞ்சம் கூடும். நடைபாதையில் குறுக்கே வயர் கிடக்காது, ஒருவர் ஹோஸில் இன்னொருவர் கால் சிக்காது.

அதே நோட்டில், எந்த இடத்தில் எந்த டூல் ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள். டூலின் பெயர்ப் பலகையில் வாட் இருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஆம்பியர் வந்துவிடும். ஏஜி ஃபோர் என்று பட்டறையில் சொல்கிற நாலு இஞ்ச் கிரைண்டர் மூன்று, நாலு ஆம்பியரில் அடங்கும். ஏழு இஞ்ச் கிரைண்டர் 2000 வாட் என்றால் 9 ஆம்பியர். ஒரே ரீலில் இரண்டு பேர் இரண்டு டூல் சொருகுவார்களா என்பதையும் யோசியுங்கள். சொருகுவார்கள். இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். வெல்டிங் மெஷினை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அதற்குத் தனி லைன், தனி ஸ்விட்ச் வேண்டும். கையில் தூக்கிப் போகிற ரீலில் வெல்டிங் மெஷின் ஓட்டுவதை நான் எங்கே பார்த்தாலும் நிறுத்தச் சொல்வேன்.

வயரின் தடிமன்: இங்கே கொஞ்சம் நிதானமாக

கடையில் “ஒன்றரை எம்எம்”, “ரெண்டரை எம்எம்” என்பார்கள். அது வயரின் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது 1.5 சதுர மி.மீ, 2.5 சதுர மி.மீ. இதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம்.

1.5 சதுர மி.மீ செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 13.3 ஓம். 30 மீட்டர் வயரில் மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆக 60 மீட்டர். மொத்தத் தடை 0.8 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 8 வோல்ட் வயரிலேயே தொலைந்துவிடும். அந்த 8 வோல்ட் எங்கும் போகவில்லை. 80 வாட் சூடாக வயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வயர் தரையில் நீளமாகக் கிடந்தால் அந்தச் சூட்டைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். டிரம்மில் சுருண்டிருந்தால்? எரிகிற குண்டு பல்பைப் போர்வைக்குள் சுற்றி வைத்தது போல. சாதாரண பிவிசி வயரின் கம்பி 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். மேலே தகரக் கூரை, சித்திரை வெயில் என்றால் ஷெட்டுக்குள் ஏற்கெனவே 40-ஐத் தாண்டியிருக்கும். மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

இதே கணக்கை 2.5-க்குப் போட்டால் தடை 0.48 ஓம், நஷ்டம் 4.8 வோல்ட், சூடு 48 வாட். அதனால் பட்டறைக்கு என்று வாங்கும் எந்த 30 மீட்டர் ரீலும் 2.5 சதுர மி.மீ-க்குக் குறையக் கூடாது என்பது என் கட்சி. டிரில்லும் ஏஜி ஃபோரும் மட்டும் ஓடுகிற 10, 15 மீட்டர் ரீலுக்கு 1.5 போதும். 1 சதுர மி.மீ, 0.75 சதுர மி.மீ ரீல்கள் எல்லாம் வீட்டில் டேபிள் ஃபேன் ஓட்டுவதற்கு.

டிரம்மில் மூன்று அடுக்கு ஏறியிருந்தால் வயரின் தாங்குதிறன் பாதிக்கும் கீழே போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கம்பெனி ரீல்களில் இரண்டு வாட் அளவு அச்சிட்டிருப்பார்கள்: முழுவதும் பிரித்தால் இவ்வளவு, சுருட்டியபடி இவ்வளவு. இரண்டாவது எண் பெரும்பாலும் முதல் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். பார்த்ததும் பலர் அதிர்ச்சி அடைவார்கள். அந்த இரண்டு எண்ணும் இல்லாத ரீலை நான் வாங்குவதில்லை. சூடேறினால் தானே நிறுத்தும் தெர்மல் கட்-அவுட் என்ற சிவப்புப் பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பொத்தான் வெளியே துள்ளினால் உடனே அழுத்திவிட்டு வேலையைத் தொடராதீர்கள். முழு வயரையும் இழுத்துவிட்டு, ஆறவிட்டு, அப்புறம் அழுத்துங்கள்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

வயரின் மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பிவிசி வயருக்கான இந்தியத் தரம் அது. அப்புறம் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு பிளக்கை ஒரு ஸ்குரூ டிரைவரால் திறங்கள். உள்ளே மூன்று கம்பி இருக்க வேண்டும். மலிவு ரீல் பலவற்றில் பிளக்குக்கு மூன்று பின் இருக்கும், உள்ளே இரண்டு கம்பிதான் வரும். எர்த் பின் சும்மா நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது. உலோக உடம்புள்ள பழைய கிரைண்டரை அதில் ஓட்டுகிற ஆளின் உயிர் அந்த ஒரு கம்பியில்தான் இருக்கிறது.

திறந்திருக்கும்போதே கம்பி இழைகளை எண்ணிப் பாருங்கள். 1.5 சதுர மி.மீ என்றால் 0.3 மி.மீ இழை 22, அல்லது 0.25 மி.மீ இழை 30. 2.5 என்றால் 0.3 மி.மீ இழை 36. “ஒன்றரை எம்எம்” என்று சொன்ன வயரில் பதினான்கு இழை வந்தால் அது 1 சதுர மி.மீ வயர், விலை மட்டும் ஒன்றரைக்கானது. ஓர் இழையைப் பிளேடால் லேசாகச் சுரண்டவும் செய்யுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். அதற்குத் தடையும் அதிகம், வளைத்து வளைத்துப் பார்த்தால் சீக்கிரம் முறியும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சாக்கெட்டுகளுக்கு ஸ்பிரிங் மூடி இருக்க வேண்டும். வெளியே, தண்ணீர் தெறிக்கிற இடத்தில் வைப்பதென்றால் ஐபி 44 (தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும்) என்று குறித்திருப்பதை வாங்குங்கள். நிறைய பிளக்கும் அதிக ஆம்பியரும் புழங்கும் பட்டறையாக இருந்தால் நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக், சாக்கெட்டுக்கே போய்விடுங்கள். நீலம் 230 வோல்ட்டுக்கு, சிவப்பு மூன்று ஃபேஸுக்கு. இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பிளக் இல்லாமல் வயரை நேரே துளையில் சொருகி, தீக்குச்சி வைத்து இறுக்குகிற பழக்கம் நம் சைட்டுகளில் இன்றும் இருக்கிறது. இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டில் அந்த வேலை நடக்காது.

கையால் சுற்றுகிற டிரம்மா, தானே இழுத்துக்கொள்ளும் ஸ்பிரிங் ரீலா? ஒரே இடத்தில் நாள் முழுக்க வேலை நடக்கிற பட்டறைக்கு ஸ்பிரிங் ரீல். சைட்டுக்குச் சைட் தூக்கிப் போகிறவர்களுக்குக் கை டிரம். ஸ்பிரிங் வயர் ரீலுக்குள் ஸ்லிப் ரிங்கும் கார்பன் பிரஷும் இருக்கும். வயர் சுழலச் சுழல மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. வயரை இழுக்கும்போது விளக்கு மினுக்கினால் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ரீல் எதுவானாலும், அது சொருகப்படும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டும் ஸ்விட்ச்) இருக்கட்டும். பழைய ஆட்கள் இஎல்சிபி என்பார்கள். எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது இதுதான்.

ஏர் ஹோஸ் ரீல்

ஏர் ஹோஸில் எல்லாரும் நீளத்தைக் கேட்பார்கள், உள்விட்டத்தைக் கேட்க மாட்டார்கள். உள்விட்டம் குறையக் குறைய பிரஷர் நஷ்டம் பயங்கரமாகக் கூடும். ஏறக்குறைய ஐந்தாம் படியில் கூடும். 10 மி.மீ ஹோஸுக்குப் பதில் 8 மி.மீ போட்டால் நஷ்டம் மூன்று மடங்கு. “கம்ப்ரஸர்ல எட்டு கிலோ இருக்கு, கன் மட்டும் நட்டை கழட்ட மாட்டேங்குது” என்று புலம்புகிறவர்களிடம் போய்ப் பார்த்தால், பாதிப் பேரிடம் 8 மி.மீ ஹோஸும், ஹோஸை டூலோடு சேர்க்கும் மலிவான கப்ளரும்தான் இருக்கும்.

பெரும்பாலான ஏர் டூல்கள் 6.3 பார், அதாவது 90 பிஎஸ்ஐ பிரஷருக்கென்று செய்யப்பட்டவை. அந்தப் பிரஷர் கம்ப்ரஸரில் இருந்து பயனில்லை, டூலின் வாயில் இருக்க வேண்டும், அதுவும் ட்ரிகரை அழுத்தியபடி. ஒரு டி ஜாயின்டில் சின்ன கேஜ் மாட்டி டூலுக்கு முன்னால் வைத்து அழுத்திப் பாருங்கள். நிற்கும்போது 7 காட்டுகிற கேஜ் ஓடும்போது 4-க்கு விழுந்தால் ஹோஸ் சின்னது, அல்லது கப்ளர் அடைக்கிறது. ஊதுகிற கன்னுக்கும் சின்ன ஸ்பிரே கன்னுக்கும் 8 மி.மீ போதும். அரை இஞ்ச் இம்பாக்ட் கன்னுக்கு 10. லாரி வீல் நட்டு கழற்றும் ஒரு இஞ்ச் கன்னுக்கு 12-க்குக் கீழே போகவே வேண்டாம். ஒரு சுருள் ஹோஸின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் கம்ப்ரஸரைப் பெரிதாக மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

எந்த ஹோஸ்? பியூ (பாலியூரித்தேன்) ஹோஸ் எடை குறைவு, வளையும், சர்வீஸ் சென்டருக்கு அருமை. ஆனால் கிரைண்டிங் பொறி பட்டால் சின்னத் துளை விழும். வெல்டிங்கும் கிரைண்டிங்கும் நடக்கிற இடத்துக்கு ரப்பர் ஹோஸ்தான். நூல் பின்னிய பிவிசி ஹோஸ் விலை குறைவு. எண்ணெயும் வெயிலும் பட்டால் ஒரு வருடத்தில் குச்சி போல விறைத்துவிடும், ரீலில் சுற்ற மறுக்கும். ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் வொர்க்கிங் பிரஷர் உங்கள் கம்ப்ரஸரின் உச்ச பிரஷரைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். 20 பார் ஹோஸ் என்றால் 8 பார் லைனுக்கு நிம்மதி. பியூ, பிவிசி ஹோஸ்களில் அச்சிட்ட எண் சாதாரண அறைச் சூட்டுக்கானது. சூடு ஏற ஏற அந்த எண் இறங்கும். தகரக் கூரைக்கு ஓரடி கீழே ரீலை மாட்டுகிற நம் ஊர்ப் பட்டறைகளில் இதை மறக்கக் கூடாது.

மற்ற ஹோஸ்கள் பற்றி நாலு வார்த்தை

கேஸ் வெல்டிங் ஹோஸில் ஆக்ஸிஜனுக்கு நீலம், அசிட்டிலீனுக்குச் சிவப்பு. எரிவாயு நட்டுகளில் இடது மரை, மேலே சின்ன வெட்டு இருக்கும். இரண்டையும் மாற்றி மாட்ட முடியாதபடி செய்திருக்கிறார்கள், அடாப்டர் போட்டு அந்த ஏற்பாட்டைக் கெடுக்காதீர்கள். ஆக்ஸிஜன் ஹோஸ், அதன் ரீல் மூட்டு, எதிலும் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. இறுகியிருக்கிறதே என்று ஒரு சொட்டு விடுவதுகூடக் கூடாது. அழுத்தமான ஆக்ஸிஜனில் எண்ணெய் தானாகவே பற்றும்.

வாட்டர் சர்வீஸ் செய்கிறவர்கள் கவனிக்க: பிரஷர் வாஷர் 100 பாருக்கு மேல் தள்ளும். ஏர் ரீலின் மூட்டு 20 பாருக்கானது. இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும், மாற்றி மாட்டினால் மூட்டு வெடிக்கும். அந்தப் பிரஷரிலும் கிரீஸ் லைனிலும் ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்த அளவுதான் தெரியும். வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. அட்டைத் துண்டை நீட்டித் தேடுங்கள்.

சுவரில் இருக்கும் சிவப்புத் தீயணைப்பு ஹோஸ் ரீலைத் தரை கழுவ எடுக்காதீர்கள். கழுவிவிட்டு வால்வை அரைகுறையாக மூடுவார்கள், நாசிலைத் தொலைப்பார்கள். தீப்பிடிக்கிற அன்றைக்குத்தான் அது தெரியும்.

மாட்டுவது

ஸ்பிரிங் ரீல் வெறும் எடைதான் என்று நினைத்து மாட்டினால் ஆறு மாதத்தில் கையோடு வந்துவிடும். ஹோஸை ஒருவர் வெடுக்கென்று இழுக்கும்போது விழுகிற இழுப்பு அதைவிட அதிகம். இரும்புத் தூணாக இருந்தால் ஒரு பிளேட்டை வெல்டிங் வைத்து அதில் நாலு போல்ட்டில் மாட்டுங்கள். கான்கிரீட் என்றால் ஆங்கர் போல்ட். ஹாலோ பிளாக் சுவர் நம்பகமில்லை. சுவரின் மறுபக்கம் வரை போல்ட்டை விட்டு அங்கே ஒரு பிளேட் கொடுங்கள்.

உயரம் இரண்டரை மீட்டர் சுமாராக இருக்கட்டும். ஹோஸின் நுனியில் ஒரு ரப்பர் பந்து இருக்கும், அதுதான் ஸ்டாப்பர். நுனி ஆள் கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கும்படி அந்தப் பந்தை நகர்த்தி இறுக்குங்கள். ஸ்டூல் போட்டு ஏறி இழுக்க வேண்டியிருந்தால் யாரும் அதைத் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். ஹோஸ் தரையிலேயே கிடக்கும், ஃபோர்க்லிஃப்ட் ஏறும்.

ஏர் லைனிலிருந்து ரீலுக்கு ஜிஐ பைப்பை நேரே இறுக்காதீர்கள். ஒரு மீட்டர் நீள வளையும் ஹோஸ் ஒன்றை நடுவில் கொடுங்கள். நேரே இறுக்கினால், ரீல் ஆடும்போது பைப் ஆடாது. அந்த ஆட்டமெல்லாம் சுழல் மூட்டில்தான் போய் விழும், உள்ளே இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்து ஒழுக ஆரம்பிக்கும். ரீலுக்கு முன்னால், தரையில் நின்றபடி கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பால் வால்வு கட்டாயம் வேண்டும். ஹோஸ் வெடித்துப் பாம்பு போலத் துள்ளும்போது கம்ப்ரஸர் ரூமுக்கு ஓட நேரம் இருக்காது.

இழுப்பதும் விடுவதும்

வயர் ரீலானால் கிரைண்டர், ஹீட் கன் போன்ற பெரிய லோடு ஓட்டும் முன் முழுவதும் பிரித்துவிடுங்கள். பிரித்த வயரைச் சுருட்டித் தரையில் குவித்துவைத்தால் அதுவும் சுருள்தான். வளைந்து நெளிந்து கிடக்கும்படி விடுங்கள்.

ஸ்பிரிங் ரீலை இழுக்கும்போது கடக் கடக் என்று சத்தம் வரும். சத்தம் வருகிற இடத்தில் நிறுத்தினால் பூட்டிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் இழுத்து, சத்தம் நின்ற இடத்தில் விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு நாளில் கை பழகிவிடும். ஆனால் விடும்போது நுனியைக் கையிலிருந்து விடவே கூடாது. நுனியைப் பிடித்தபடி ரீல் வரை நடந்து போக வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் புதுப் பையன் ஒருவன் பத்து மீட்டர் தள்ளி நின்றபடி ஹோஸை விட்டுவிட்டான். நுனியிலிருந்த பித்தளைக் கப்ளர் சுழன்றடித்து, சர்வீஸுக்கு வந்திருந்த காரின் முன் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி போனால் மாற்றலாம். ஓரடி தள்ளி அவன் முகம் இருந்தது. அன்றிலிருந்து புதிதாக யார் சேர்ந்தாலும், முதல் நாளே ஹோஸை மூன்று முறை இழுத்து, நடந்து கொண்டுபோய் விடவைப்பது என் வழக்கம்.

டூலை மாட்டும்போதும் கழற்றும்போதும் வால்வை மூடி, ட்ரிகரை அழுத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டுச் செய்யுங்கள். உடம்பிலும் சட்டையிலும் படிந்த தூசியை ஏர் அடித்துத் தட்டுவதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். கண், காது, தோல் எல்லாவற்றுக்கும் ஆபத்து.

சனிக்கிழமை அரை மணி நேரம்

எங்கள் ஷெட்டில் சனிக்கிழமை வேலை முடிகிற நேரம் ரீல்களுக்கு. ஒரு கைத்துணி, சோப்புத் தண்ணீர் பாட்டில், ஒரு மல்டி மீட்டர் இருந்தால் போதும்.

ஏர் ஹோஸை ஏர் இருக்கும்போதே முழுவதும் இழுத்துப் பூட்டுங்கள். ஈரத்துணியை ஹோஸைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ரீல் பக்கத்திலிருந்து நுனி வரை மெதுவாக நடங்கள். இரும்புத் தூளும் எண்ணெயும் துணியில் வந்துவிடும். அது போகாவிட்டால் ஹோஸ் உள்ளே போகும்போதெல்லாம் உருளைகளையும் தன் மேல்தோலையும் உப்புத்தாள் போல அரைக்கும். ஆனால் துணியைவிட முக்கியம் விரல்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும். ஓர் இடத்தில் பட்டாணி அளவு மெத்தென்ற புடைப்பு தட்டுப்படும். உள்ளே அடுக்கு பிரிந்து காற்று மேல்தோலுக்கு வந்துவிட்டது என்று பொருள். இன்று உடையாது, அடுத்த மாதம் உடையும். இன்னோர் இடத்தில் சொரசொரப்பாக இருக்கும், திருப்பிப் பார்த்தால் பொறி பட்ட கரும்புள்ளிகள். நூல் தெரிகிற வெட்டு இருந்தால் அன்றே கழிக்க வேண்டும். ரீலுக்குப் பக்கத்துக் கடைசி இரண்டு சுற்றும், நுனிக் கப்ளரின் கழுத்தும் அதிகம் அடிபடும் இடங்கள்.

மெஷின்கள் நின்றதும் ஷெட் அமைதியாகும். அப்போது காதைக் கொடுங்கள். உஸ் என்ற சத்தம் கேட்கிற மூட்டில் சோப்புத் தண்ணீர் விட்டால் நுரை கிளம்பும். சின்னக் கசிவுதானே என்று விடாதீர்கள். 7 பாரில் 3 மி.மீ ஓட்டை ஒன்று இருந்தால் அதற்காக மட்டும் கம்ப்ரஸர் சுமார் 3 கிலோவாட் எடுத்துக்கொள்ளும். நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 750 யூனிட். ஒரு ஓ ரிங்கின் விலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வயர் ரீலில் முழு வயரையும் பிரித்து இதே போலத் தடவிப் பாருங்கள். வழவழப்பு மாறி பிசுபிசுப்பாகவோ, பளபளப்பாக இறுகியோ இருக்கும் இடம் சூடேறிய இடம். எலி கடித்த தடம் இருக்கிறதா பாருங்கள். சாக்கெட் துளை பழுப்பேறியிருந்தால் உள்ளே பிடிப்பு தளர்ந்துவிட்டது.

மாதம் ஒரு முறை மல்டி மீட்டரை எடுங்கள். ரீலை லைனிலிருந்து கழற்றிவிட்டு, பிளக்கின் எர்த் பின்னுக்கும் சாக்கெட்டின் எர்த் துளைக்கும் நடுவே ஓம் பாருங்கள். 30 மீட்டர், 2.5 வயர் என்றால் கால் ஓம் வர வேண்டும். 1.5 என்றால் 0.4. மல்டி மீட்டரின் வயருக்கே உள்ள தடையைக் கழித்துக்கொள்ளுங்கள். 2 ஓம், 3 ஓம் காட்டினால் எங்கோ ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் எர்த் அறுந்துவிட்டது, அந்த ரீலை அங்கேயே ஓரம் கட்டுங்கள். ஆர்சிசிபியில் ‘டி’ என்று போட்ட டெஸ்ட் பொத்தானையும் அன்றே அழுத்துங்கள், விழ வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து எர்த்தோடு அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் உபயோகிக்கக் கூடாது. நல்ல வயர் அதைவிடப் பல மடங்கு காட்டும்.

வருடத்துக்கு ஒரு நாள் எல்லா ரீலையும் கழற்றித் துடைத்து, போல்ட் இறுக்கி, உருளைகளுக்கு எண்ணெய் விட வேண்டும். ஆக்ஸிஜன் ரீலை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். நான் ஆயுத பூஜைக்கு முந்தின நாளை வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு எப்படியும் மெஷின்கள் நிற்கும், எல்லாரும் துடைக்கிற மனநிலையில் இருப்பார்கள். சந்தனம் வைப்பதற்கு முன் ஒரு முறை கடைசிச் சுற்று வரை பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்பிரிங் தளர்ந்தால், ஒட்டுப்போட வேண்டியிருந்தால்

ஹோஸ் முழுவதும் உள்ளே போகாமல் சோம்பலாகத் தொங்கினால் முதலில் உருளையையும் அழுக்கையும் பாருங்கள். பல நேரம் ஸ்பிரிங்கில் குறை இருக்காது. உண்மையிலேயே தளர்ந்திருந்தால், வால்வை மூடி, காற்றை வெளியேற்றி, ஹோஸைக் கொஞ்சம் இழுத்துப் பூட்டுங்கள். டிரம் சுழலாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஹோஸில் ஒரு சுற்றைக் கையால் டிரம்மின் மேல் கூடுதலாகப் போட வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு கூடும். போட்டபின் முழுவதும் இழுத்துப் பாருங்கள். கடைசி வரை வராமல் ஸ்பிரிங் முட்டினால் அந்தச் சுற்றை எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிங் உறையின் மூடியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்காதீர்கள். உள்ளே சுருண்டிருக்கும் எஃகுப் பட்டை ஒரு நொடியில் வெளியே வந்து கையைக் கிழித்துவிடும். ஸ்பிரிங் உடைந்தால் ரீல் கம்பெனியின் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள்.

ஏர் ஹோஸ் ஓர் இடத்தில் மட்டும் கெட்டிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, சரியான அளவு பித்தளை ஜாயின்டும் இரண்டு பக்கமும் ஹோஸ் கிளாம்பும் போடலாம். கட்டுக்கம்பி வைத்து முறுக்குவது கூடாது. அது ஹோஸை வெட்டும், திடீரென்று கழன்றும் விடும். ஜாயின்ட் டிரம்மில் ஏறி இறங்கினால் பக்கத்துச் சுற்றை நசுக்கும் என்பதால், கெட்ட இடம் நுனிக்குப் பக்கத்தில் இருந்தால் அதுவரை வெட்டிவிட்டு ஹோஸைக் குட்டையாக்குவதையே நான் விரும்புவேன்.

வயரில் நடுவில் ஒட்டு வேண்டவே வேண்டாம். இன்சுலேஷன் டேப் ஒரு கோடையில் பசை விட்டுப் பிரியும், டிரம்மில் இழுபடும்போது உள்ளே முறுக்கிய கம்பி தளரும், அங்கேதான் சூடு பிடிக்கும். 30 மீட்டர் வயர் நடுவில் அடிபட்டிருந்தால் அங்கே வெட்டி, இரண்டு பக்கமும் நல்ல பிளக், சாக்கெட் போட்டு இரண்டு 15 மீட்டர் வயராக வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குட்டையாக வந்தால் கழித்துவிடலாம்.

கழித்ததை அப்படியே ஸ்கிராப் மூலையில் போடாதீர்கள். பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு வயரை ஒரு மீட்டர் துண்டுகளாக்கிப் போடுங்கள். ஹோஸுக்கும் கப்ளரைக் கழற்றிவிட்டு நடுவில் இரண்டு இடத்தில் வெட்டு. முழுசாகக் கிடந்தால் அடுத்த வாரம் அவசரத்தில் யாராவது ஒருவர் அதை எடுத்து மாட்டிவிடுவார்.